ஜவ்வாது மலை மண்பாதைக்கு டயர்ல எவ்வளவு காத்து?

தண்டையார்பேட்டை பெடல்:
வண்டி நடமாட்டம் இல்லாத மண்பாதையா பார்த்து ஓட்டணும். கிராவல் சைக்கிள் (மண்ணு, சரளைக்கான சைக்கிள்), 700x40 டயர் (40 மி.மீ. அகலம்), உள்ளே ட்யூப். எடை 70 கிலோ. எண்ணூர் ரோட்டுக்கு வைக்கிற 60 பிஎஸ்ஐ சரிவருமா?

வியாசை ஸ்பேனர்:
வேணாம் ப்ரோ. சரளையில டயர் துள்ளும், பிடிமானமே இருக்காது. முன்னாடி 38, பின்னாடி 42 வைங்க. ரொம்ப இறக்கினா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ்னா 30-34 போதும், டயருக்கு 60 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை உள்ளேயிருந்தே அடைக்கிற திரவம். நம்ம வெக்கைக்கு சீக்கிரம் காய்ஞ்சிடும். ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி திறந்து பாருங்க. கருவேல முள்ளுக்கு அதான் மருந்து.

காசிமேட்டுக் காத்து:
கியரையும் பாருங்க தலைவரே. வடசென்னையில ஏத்தம்னா மேம்பாலம்தான், மலை வேற கணக்கு. முன்னாடி 40 பல்லுன்னா பின்னாடி பெரிய பல்சக்கரம் 42 பல் இருக்கிற கேசட் (பின்சக்கரத்து பல்சக்கர அடுக்கு). செயினை கியருக்கு கியர் மாத்துற பழைய டிரெய்லியர் அதைத் தாங்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே வந்தா சூடேறி பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாயிடும். விட்டு விட்டுப் பிடிங்க.

வியாசை ஸ்பேனர்:
காப்புக்காட்டுக்குள்ள போற தடம்னா வனத்துறை அனுமதி முதல்ல.