புதுப்பிப்பு: ஸ்பிரிங் கன்வெர்ட்டர் ஜேசனில் மட்டும் வேலை செய்யாதது ஏன்

முன்பு கேட்டது இதுதான்: ஸ்ட்ரிங்கை என் சொந்த 'ஆர்டர் எண்' டைப்பாக மாற்ற ஸ்பிரிங்கில் (ஜாவா ஃபிரேம்வொர்க்) ஒரு கன்வெர்ட்டர் எழுதியிருந்தேன். யூஆர்எல் பாதையில் வரும் மதிப்பு ஒழுங்காக மாறியது; அதே மதிப்பு கோரிக்கையின் ஜேசன் பாடியில் வந்தால் 400 பிழை.

காரணம் பிடிபட்டுவிட்டது. கன்வெர்ட்டருக்குள் பிரேக்பாயின்ட் வைத்தேன், ஜேசன் கோரிக்கை அங்கே நிற்கவே இல்லை. கன்வெர்ட்டர்களை இயக்கும் கன்வெர்ஷன் சர்வீஸ் பார்ப்பது பாதை மாறி, குவெரி, படிவப் புலம் போன்றவற்றை. ஜேசன் பாடி அந்தப் பக்கமே போவதில்லை, ஜேசனை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரி நேராகப் படித்துவிடுகிறது. என் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட். ஆப்ஜெக்டை எப்படி உருவாக்குவது என்று ஜாக்சனுக்குத் தெரியவில்லை. ஆப்ஜெக்டை உருவாக்கும் ஸ்டாட்டிக் மெத்தடின் மேல் ஜேசன்கிரியேட்டர் அனோட்டேஷன் போட்டதும் சரியானது. சர்வர் அனுப்பும் பதிலிலும் வெறும் ஸ்ட்ரிங்காக வர ஜேசன்வேல்யூவும் தேவைப்பட்டது.

அப்புறம், கன்வெர்ட்டரை லாம்டாவாக (பெயரில்லாத சிறு ஃபங்ஷனாக) எழுதலாமே என்று ஒருவர் சொல்லியிருந்தார். கன்வெர்ட்டர்களைப் பதியும் ரெஜிஸ்ட்ரியில் லாம்டாவை மட்டும் கொடுத்தால் அப்ளிகேஷன் எழும்பாது. எந்த டைப்பிலிருந்து எந்த டைப்புக்கு என்ற ஜெனரிக் விவரம் அதில் கிடைக்காது. இரண்டு டைப்புகளையும் சேர்த்துக் கொடுக்கும் ஆட்கன்வெர்ட்டர் வடிவம் உண்டு, அதில் ஓடும். நான் தனி கிளாஸாகவே விட்டுவிட்டேன். பிழை வந்தால் ஸ்டாக் டிரேஸில் பெயராவது தெரியும்.