தம்பிக்கு உடம்பு தேற வேண்டும்: வடசென்னையில் நல்ல டயட்டீஷியன் தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் இருக்கிறோம். என் தம்பி வலி மாத்திரைப் போதையிலிருந்து மீண்டு, சிகிச்சை முடித்துப் போன மாதம்தான் வீட்டுக்கு வந்தான். மருந்தும் கவுன்சிலிங்கும் ஒழுங்காகப் போகின்றன. உடம்புதான் தேறவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டும் பேன்ட் நழுவுகிறது.

ஒரேயடியாகச் சோறும் கறியும் போட்டால் வயிறு ஏற்கவில்லை. அதனால் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, பதினொரு மணிக்கு அவித்த முட்டை, மதியம் குழைந்த சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, சாயங்காலம் சுண்டல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். ராத்திரியானால் இனிப்புதான் கேட்கிறான். போதையை விட்ட புதிதில் இப்படி இருக்கும் என்றார் டாக்டர். ஆனாலும் ஜாங்கிரிப் பொட்டலத்தை அவன் ஒரே மூச்சில் காலி செய்யும்போது பயமாக இருக்கிறது. பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் வாங்கி வைக்கிறேன். போதைக்காக ஊசியும் போட்டவன் என்பதால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகள் எடுத்தாயிற்று. நல்லவேளை, எதுவும் இல்லை.

போதையிலிருந்து மீள்பவர்களைப் பார்த்துப் பழகிய டயட்டீஷியன் யாராவது, எங்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் இருக்கிறார்களா? அப்புறம், புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தலையில் கட்டாத, ஒல்லி என்று கேலி செய்யாத ஜிம் மாஸ்டர் ஒருவரும் வேண்டும். இப்போதைக்கு முரசொலி மாறன் பூங்காவில் நடக்கிறான்; ஒரு சுற்றிலேயே கால் நடுங்குகிறது.

இதே வழியில் வந்தவர்கள் இருந்தால், பசியும் தூக்கமும் எப்போது சரியாயின என்று சொல்லுங்கள். அவனுக்கு அறிவுரை வேண்டாம், நன்றாகவே போராடுகிறான். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.