துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் குழையவில்லை, தண்ணீர் தனியாக நிற்கிறது: உதவுங்கள்

செம்பருத்தி (சுங்கை சிப்புட், மலேசியா):
எல்லாருக்கும் வணக்கம். சோற்றுக்கும் தோசைக்கும் ஊற்றிக்கொள்கிற சாதாரணப் பருப்புக் கறிதான், ஆனால் பருப்பு மசியவே மாட்டேன் என்கிறது. அளவு இது: துவரம்பருப்பு 1 கப் (200 கிராம்), தண்ணீர் 3 கப், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், தக்காளி 2, சின்ன எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாக 5 லிட்டர் குக்கரில் போட்டு, பெரிய தீயில் 6 விசில்.

திறந்து பார்த்தால் பருப்பின் ஓரம் அப்படியே கூர்மையாக இருக்கிறது. விரலில் நசுக்கினால் வெளியே மாவாகிறது, நடுவில் நறுக்கென்று நிற்கிறது. மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் மணல் மாதிரிப் பருப்பு. விசில் வழியாக நுரையும் கக்குகிறது.

எங்கள் தோட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். பருப்பு டவுன் மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து நிறுத்து வாங்கியது. சனிக்கிழமை வீட்டில் 20 பேர் சாப்பாடு, தால்சா (ஆட்டெலும்பும் காயும் போட்ட பருப்புக் கறி) வைக்க வேண்டும். அதற்குள் இது சரியாக வேண்டும்.

பந்தல் சமையல்:
தங்கச்சி, முதலில் புளியையும் தக்காளியையும் குக்கரிலிருந்து எடுத்துவிடுங்கள். புளிப்பு இருக்கிற தண்ணீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். மாங்காய் போட்டாலும் இதே கதைதான். பருப்பு முழுதாக மசிந்த பிறகு புளிப்பு எதுவாக இருந்தாலும் ஊற்றலாம்.

அடுத்தது தீ. விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பெரிய தீயில் வைத்தால் அஞ்சு நிமிசத்திலேயே ஆறு விசில் வந்துவிடும், பருப்புக்கு அந்த நேரம் போதாது. முதல் விசில் வந்ததும் தீயைச் சின்னதாக்கி 12 நிமிசம் விடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, பிரஷர் தானாக இறங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிசத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் பருப்பு பொங்கி நுரையோடு வெளியே வரும், வேக்காடும் அங்கேயே நின்றுபோகும்.

உப்பும் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும்.

ரசாயன டீச்சர்:
அண்ணன் சொன்னதில் புளி, தீ இரண்டும் சரி. உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சாதாரண உப்பு பருப்பை விறைக்க வைக்காது, கொஞ்சம் இளக்கத்தான் செய்யும். விறைக்க வைப்பது சுண்ணாம்பு.

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் அவை பெக்டினோடு பிணைந்து அதைக் கரைய விடாது. புளிப்பும் அதே பெக்டினைத்தான் கரையாமல் பிடித்து வைக்கிறது. உப்பிலுள்ள சோடியம் போய் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிணைப்பு தளரும்.

ஈப்போ, சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலைகள். அந்த மண்ணில் ஆழ்குழாய் போட்டு எடுக்கிற தண்ணீரில் கால்சியம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் தண்ணீர் மேல்தான். தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டிலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாகப் படலம் கட்டியிருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறதா? சோப்பு நுரைக்கச் சிரமப்படுகிறதா?

ஆயா கைப்பக்குவம்:
பருப்பையும் பாருங்கம்மா. மூட்டையில் நாள்பட்டுக் கிடந்த பருப்பு நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கெட்டிப்பட்டுப் போகும், என்ன வேக வைத்தாலும் நடுவில் நறுக்கென்றே இருக்கும். புதுப் பருப்பு மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். பழசு மங்கி, பழுப்படித்து, உள்ளங்கையில் தேய்த்தால் தூள் ஒட்டும். சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் வண்டு துளைத்தது.

பூச்சி வராமல் இருக்க எண்ணெய் தடவி விற்கிற துவரம்பருப்பும் உண்டு. கையில் வழவழவென்று இருந்தால் அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு ஊற வையுங்கள். நீங்கள் ஊற வைக்கவே இல்லை போலிருக்கிறது. துவரைக்கு அரை மணி நேரமாவது வேண்டும், பழைய பருப்பென்றால் இரண்டு மணி நேரம்.

அவசரத்துக்கு மைசூர்ப் பருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். குக்கரே வேண்டாம், சட்டியில் இருபது நிமிசத்தில் கரைந்துவிடும். ஆனால் துவரையின் மணமும் கெட்டியும் அதில் வராது, தால்சாவுக்கு அது மட்டும் போட்டால் சப்பென்று போகும்.

செம்பருத்தி:
ரொம்ப நன்றி, அண்ணே, டீச்சர், ஆயா. கெட்டிலில் வெள்ளைப் படலம் இருக்கிறது, சுரண்டினால் தூளாக வருகிறது. பருப்பு மங்கலாக இல்லை, ஓட்டையும் இல்லை. பழசா தண்ணீரா என்று எப்படி உறுதி செய்வது?

ரசாயன டீச்சர்:
சின்னச் சட்டி இரண்டு எடுங்கள். அதே பருப்பில் சட்டிக்குக் கால் கப், ஒரே நேரம் ஊற வைத்து, ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் கடைப் போத்தல் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற வைக்கவும் அந்தந்தத் தண்ணீர்தான். போத்தல் வாங்கும்போது மூடியைப் பாருங்கள். மலேசியாவில் நிற மூடி போட்டது மினரல் வாட்டர், அதில் தாது உப்புகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வெள்ளை மூடி போட்ட குடிநீர். கடைவீதியில் காசு போட்டுப் பிடிக்கிற வடிகட்டிய தண்ணீரும் பரவாயில்லை.

புளி, தக்காளி, உப்பு எதுவும் வேண்டாம். மூடாமல் ஒரே அளவு தீயில் 45 நிமிசம் வேக விடுங்கள். வற்றினால் அந்தந்தத் தண்ணீரையே சூடாக ஊற்றுங்கள். இரண்டிலும் வேகாவிட்டால் பருப்பு பழசு. போத்தல் தண்ணீரில் மட்டும் வெந்தால் குற்றம் உங்கள் தண்ணீரில்.

மலைக்காற்று (தானா ராத்தா, கேமரன் மலை):
இடையில் ஒரு கேள்வி. இங்கே போத்தல் தண்ணீரிலும் திறந்த சட்டியில் துவரை வேக ரொம்ப நேரம் ஆகிறது. ஏன்?

ரசாயன டீச்சர்:
உயரம்தான் காரணம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் மட்டும் வையுங்கள், நேரத்தில் மூன்று நான்கு நிமிசம் கூட்டிக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி:
செய்து பார்த்தேன். வெள்ளை மூடித் தண்ணீரில் இருந்த பருப்பு 40 நிமிசத்திலேயே கரண்டியால் அழுத்தினால் கூழாகிறது. குழாய்த் தண்ணீரில் இருந்தது இன்னும் ஓரம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆக, தண்ணீர்தான். ஆனால் எப்போதும் போத்தல் வாங்க முடியாதே?

ரசாயன டீச்சர்:
வாங்க வேண்டாம். முதல் வழி, தண்ணீரை 10 நிமிசம் நன்றாகக் கொதிக்க விட்டு ஆற வையுங்கள். கெட்டிலில் படிகிற அந்த வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் அலுங்காமல் இறுத்துக்கொண்டு, அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். எல்லாச் சுண்ணாம்பும் இப்படிப் போகாது, ஆனால் பெரும்பகுதி போகும்.

இரண்டாவது, ஊற வைக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 1 டீஸ்பூன் உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊற விட்டு, வடித்துக் கழுவிவிட்டு வேக வையுங்கள். சமையல் உப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சமையல் சோடா, இரண்டும் பலிக்காவிட்டால் மட்டும். 1 கப் பருப்புக்கு அரைக்கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் சோப்பு வாடை அடிக்கும், தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும். கூடிவிட்டதா என்பதை மஞ்சளே காட்டிக்கொடுக்கும்: சோடாவின் காரத்தன்மை ஏறினால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும். மசிந்த பிறகு புளி ஊற்றும்போது திரும்ப மஞ்சளாகும்.

பந்தல் சமையல்:
டீச்சர் உப்புக்குச் சொன்ன காரணத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெரிய அண்டாவில் நான் உப்பைக் கடைசியில்தான் போடச் சொல்வேன். தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறும், ஏறினதை எடுக்க முடியாது.

தண்ணீர் தனியாக நிற்பதற்கும் வழி சொல்கிறேன். பருப்பைச் சூடாக இருக்கும்போதே மத்தால் கடையுங்கள். ஆறினால் கட்டிப்படும், அப்புறம் எவ்வளவு கடைந்தாலும் சேராது. நீர்க்க வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் திரும்பப் பிரியும். கடைந்த பிறகு சின்னத் தீயில் ஐந்து நிமிசம் தளதளவென்று கொதித்தால் ஒன்றாகிவிடும்.

நுரைக்கு: குக்கரில் பருப்பும் தண்ணீரும் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். மூடுவதற்கு முன் திறந்த குக்கரில் ஒரு கொதி வர விட்டு, மேலே திரளும் நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள். விசில் துவாரத்தை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பருப்புத் தோல் அடைத்திருந்தால் ஆபத்து. மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும்.

செம்பருத்தி:
கொதிக்க வைத்து இறுத்த தண்ணீரில், புளி தக்காளி இல்லாமல், சின்னத் தீயில் 12 நிமிசம் வைத்தேன். வெண்ணெயாக மசிந்தது, நுரையும் கக்கவில்லை! இனி சனிக்கிழமைத் தால்சா. 20 பேருக்கு அளவு சொல்லுங்கள் அண்ணே. போன தடவை சந்தான் (தேங்காய்ப் பால்) திரிந்துவிட்டது, அதற்கும் வழி வேண்டும்.

பந்தல் சமையல்:
துவரம்பருப்பு 1 கிலோ. உங்கள் 5 லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் கொள்ளாது. அரைக் கிலோவுக்கு 1.5 லிட்டர் தண்ணீர் என்று இரண்டு ஈடாக வேக வைத்துக் கடைந்து வையுங்கள். ஆட்டெலும்பு 1 கிலோவைத் தனியாக, கறி வெந்து எலும்பை விடும் வரை வேக வையுங்கள். அந்தச் சாறுதான் தால்சாவின் ருசி, கீழே ஊற்றிவிடாதீர்கள்.

பெரிய சட்டியில் எண்ணெய் ஊற்றிப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, கறிவேப்பிலை தாளித்து, பெரிய வெங்காயம் 5, இஞ்சி பூண்டு விழுது 4 டேபிள்ஸ்பூன் வதக்குங்கள். இறைச்சி மசாலாத்தூள் 5 டேபிள்ஸ்பூனைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கிளறுங்கள். தூளை அப்படியே கொட்டினால் கருகும். பிறகு எலும்பும் சாறும், கேரட், உருளைக்கிழங்கு 600 கிராம். அவை முக்கால் வேக்காடு வந்ததும் கத்தரிக்காய் 500 கிராம், கடைந்த பருப்பு. காய் எல்லாம் வெந்த பிறகே தக்காளியும் 80 கிராம் புளியின் கரைசலும். முதலிலேயே ஊற்றினால் உருளைக்கிழங்கும் பருப்பு மாதிரியே விறைத்து நிற்கும்.

சந்தான் கடைசி. கெட்டிப் பால் அரை லிட்டர். அதில் ஒரு அகப்பை சூடான தால்சாவை ஊற்றிக் கலக்கி, பிறகு சட்டியில் சேருங்கள். தீ சின்னதாக இருக்க வேண்டும், ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் அணைத்துவிடுங்கள். பொங்கக் கொதித்தால் பால் திரியும், மூடி போட்டு வைத்தாலும் சூடு ஏறித் திரியும். பசாரில் (சந்தையில்) பிழிந்து விற்கிற பால் சீக்கிரம் திரியும், புளிக்கவும் செய்யும், அன்று காலையில் வாங்குங்கள். பெட்டிப் பால் அவ்வளவு சுலபமாகத் திரியாது, மணம் குறைவு.

ஆயா கைப்பக்குவம்:
சந்தான் ஊற்றியதை ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீங்கம்மா, புளித்துப்போகும். மிஞ்சும் என்று தோன்றினால் பால் ஊற்றுவதற்கு முன்னாலேயே ஒரு பங்கை எடுத்து ஆற வைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கெட்டியாகித்தான் இருக்கும், சுடுதண்ணீர் ஊற்றிச் சூடு பண்ணி, அப்போது பால் சேர்த்துக்கொள்ளலாம்.