கூட இருந்த இரண்டு நீதிபதிகளும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு, அப்புறம் மேன்டன் மட்டும் எப்படிக் குற்றவாளி?

சட்டமாணவி
நண்பர்களே, அமெரிக்காவின் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த மார்ட்டின் மேன்டனைப் பற்றிப் படிக்கிறேன். 1916-ல் மாவட்ட நீதிபதி, 1918-ல் மேல்முறையீட்டு நீதிபதி, இரண்டுமே அதிபர் வில்சன் கொடுத்த பதவி, அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1922-ல் உச்ச நீதிமன்றத்துக்கே பெயர் அடிபட்டு, அந்த இடம் பியர்ஸ் பட்லருக்குப் போனது. கடைசியில் வழக்காடிகளிடம் பணம் வாங்கியதற்காகச் சிறை. ஆனால் வழக்கைக் கேட்டது மூன்று பேர் அமர்வு. மற்ற இருவரும் பணம் வாங்காமலே அதே முடிவுக்கு வந்திருந்தால், தீர்ப்பில் என்ன கெட்டுப்போனது?

பழைய வக்கீல்
நல்ல கேள்வி மா. மேன்டன் தரப்பும் இதைத்தான் வாதாடியது. மேல்முறையீட்டில் எடுபடவில்லை. தீர்ப்பு சரியா தவறா என்பதே இங்கே பேச்சில்லை, நீதிபதியின் முடிவு விலைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டும் நீதிக்கு இடையூறு செய்யச் சதி செய்தார் என்பது. பணத்துக்குப் பேசி முடித்த அன்றே குற்றம் நடந்துவிட்டது. எதிர்த்தரப்பில் நின்றவனை நினைத்துப் பாருங்கள், தன் வக்கீல் எவ்வளவு நன்றாக வாதாடினாலும் மூன்றில் ஒரு காது முன்பே அடைபட்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

வரலாற்றுப்பிரியன்
பணத் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். நீதிபதியாக இருந்துகொண்டே நிலம், கட்டடம் என்று தொழில்களில் பணம் போட்டிருந்தார், 1929-க்குப் பிறகு வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் கடனில் மூழ்கினார். நியூயார்க் அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயி 1939 ஜனவரியில் விவரங்களை நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதியதும் உடனே ராஜினாமா, அதனால் பதவிநீக்க விசாரணைக்கே வேலையில்லாமல் போனது. தண்டனை இரண்டு ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம்.

சட்டமாணவி
நன்றி ஐயா, இப்போது புரிகிறது. அவருடைய மேல்முறையீடும் அதே நீதிமன்றத்துக்குத்தானே போயிருக்கும், அதை யார் கேட்டார்கள்?

பழைய வக்கீல்
கூட வேலை பார்த்தவர்கள் எப்படிக் கேட்பது? அதனால் தனி அமர்வு போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு பெற்றிருந்த சதர்லேண்ட், பதவியில் இருந்த ஸ்டோன், அந்த நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த சார்லஸ் கிளார்க். தண்டனையை உறுதி செய்தார்கள், மேன்டன் பென்சில்வேனியாவில் லூயிஸ்பர்க் சிறைக்குப் போனார்.