ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் ஆய்வு: முழு உதவித்தொகைக்கு வழி என்ன?

வேளச்சேரி மாணவி: கிண்டியில் வேதிப்பொறியியல் முதுநிலை முடிக்கப் போகிறேன். அப்பா பஸ் நடத்துநர். அவர் தலையில் கடனை ஏற்ற மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

அடையாறு ஆய்வாளர்: வேண்டாம் அம்மா. டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே அதற்கும் பரிசீலிப்பார்கள். கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டும் கிடைக்கும். ஆனால் உங்கள் ஆய்வை மேற்பார்வையிட தகுந்த பேராசிரியர் அமைவதுதான் பெரிய காரியம். அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படியுங்கள்; உங்கள் கேள்வி எங்கே அவற்றைத் தொடுகிறது என்று நான்கே வரியில் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது.

மயிலாப்பூர் வாசகர்: கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகையையும் பாருங்கள். விமானக் கட்டணமும் தருகிறார்கள்.

அடையாறு ஆய்வாளர்: ஆமாம், அதற்குத் தனிப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பேராசிரியர்களிடம் அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். மழை விடுமுறை தொடங்கினால் அவர்களைப் பிடிப்பது கடினம்.