ஏழு மணிக்கு ஊரே போனை அணைத்தால்?

வேப்பமரத்தடி:
மகாராஷ்டிரம், சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022இல் அங்கே மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஊத ஆரம்பித்தார்கள், நம் ஊர் மில் சங்கு மாதிரி. ஊதினால் டிவி, போன் எல்லாம் அணைக்க வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதிய பிறகுதான் தொடலாம். நம் ஊரிலும் இது வேண்டும் என்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தேன்: போனில் ஐந்தரை மணி நேரம். ராத்திரி படுத்து யோசித்தால், யாரோ ஒருவர் பரோட்டா வீசியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

இராப்பறவை:
ஐயா, பரோட்டாவைத் தேடிப் போனது உங்கள் விரல்தானே? பழைய நூல்களை எல்லோரும் சேர்ந்து இணையத்தில் ஏற்றுகிற விக்கிமூலத்தில் நான் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது எழுத்துப் பிழை திருத்துகிறேன். ஒரு பக்கம் பழைய நூலின் ஸ்கேன், பக்கத்திலேயே எந்திரம் படித்துக் கொடுத்த எழுத்து. அதற்குத் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுதான். 'காலம்' 'கரலம்' ஆகிவிடும். திருத்தாத பக்கத்துக்குச் சிவப்பு அடையாளம். திருத்திச் சேமித்தால் அது மஞ்சளாகும், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. அந்த வேறொருவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பகலெல்லாம் பில் போடுகிற வேலை. இன்றைக்கு உருப்படியாக ஒன்று செய்தோம் என்று தோன்றுவது ராத்திரி அந்த அரை மணியில்தான்.

வேப்பமரத்தடி:
நல்ல வேலை தம்பி. ஆனால் உங்களைப் போல நூற்றில் எத்தனை பேர்? முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார். பக்கத்தின் அடி வந்தால் 'போதும்' என்று தோன்றும். அந்த அடியையே உருவிவிட்டு, விரலைக் குறை சொன்னால் எப்படி?

இட்லிமாவு:
சைரன் ஊதும்போது நான் அடுப்படியில் நிற்பேன். அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பது யாராம்? வாழ்க்கைக்கு அர்த்தம் தேட நேரம் இருப்பவர்கள் தேடுங்கள். பாத்திரம் துலக்கும்போது காதில் ஒரு கதை ஓடுகிறது, அதைப் பிடுங்காமல் இருந்தால் சரி.

இராப்பறவை:
அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐயா, ரஸ்கின் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மெய்ப்புப் பக்கத்துக்கு அடி உண்டு, முடிந்தால் முடிந்தது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வருகிறதோ என்னவோ. ஆனாலும் சைரன் வேண்டாம்.

வேப்பமரத்தடி:
எனக்கும் ஒரு பக்கத்தின் சுட்டி அனுப்புங்கள், பார்க்கிறேன். ஏழிலிருந்து எட்டரை வரை மட்டும் தொடமாட்டேன்.