மாட்டுக்கொட்டகையில் கிடந்த பழைய ஆர்15: தேறுமா, எதில் கை வைப்பது?

உடுமலைக்காரன்:

வணக்கம். என் அத்தை மகன் 2009-இல் வாங்கிய யமஹா ஆர்15, முதல் பதிப்பு. 2019-இல் தாராபுரம் சாலையில் வலப்பக்கமாகச் சறுக்கி விழுந்தார். அவருக்குச் சிராய்ப்புதான், வண்டிக்குத்தான் பலத்த அடி. சரிசெய்வதற்குள் துபாய் வேலை வந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் வண்டிக்கு வாசம். சீட்டின் மேல் கோழி அடைகாத்திருக்கிறது. "எடுத்துக்கொண்டு போகிறாயா, பழைய இரும்புக்காரனுக்குப் போடட்டுமா?" என்று அத்தை கேட்டதால் டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

வலப்பக்க ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவசம்) பாதி இல்லை. ஒரு ஹெட்லைட் உடைந்திருக்கிறது. முன் பிரேக் இறுகிச் சக்கரம் சுற்றவே இல்லை. பேட்டரி உப்பிவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறது.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "பேட்டரி போட்டுச் செல்ஃப் அடிப்போம். ஓடாவிட்டால் இன்ஜினை இறக்கி, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து போர் போட்டுவிடலாம். பெயிண்டோடு சேர்த்து நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். நான் தறிப்பட்டறையில் வேலை செய்பவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் இன்ஜின் பிரித்ததில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய பிஸ்டன்:

தம்பி, அந்தச் செல்ஃப் பொத்தானை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் பற்றிப் பேசுகிறவரை இப்போதைக்கு வாசலோடு அனுப்பிவிடுங்கள். விழுந்த வண்டி என்கிறீர்கள். அப்படியானால் இன்ஜினுக்கும் முன்னால் சட்டத்தை, அதாவது வண்டியின் எலும்புக்கூடான ஃபிரேமைப் பார்க்க வேண்டும். சட்டம் கோணியிருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், அத்தை சொன்ன இரும்புக்காரரே சரி.

பார்ப்பது கடினமில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் சட்டத்தில் போய் முட்டும் இடத்தில் ஒரு சிறு இரும்பு நாக்கு இருக்கும். அது உடைந்தோ நசுங்கியோ இருந்தால் அடி பலம். கழுத்துப் பகுதியில் வெல்டிங்கை ஒட்டிப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஹேண்டிலை நேராக வைத்து, பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன் டயர்வரை இழுங்கள். முன் டயர் கொஞ்சம் ஒல்லி, அதனால் இரு பக்கமும் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றிக் குழாயைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டுங்கள். வளைந்த குழாய் தத்தித் தத்தி உருளும். குழாயை மாற்றலாம், பயப்பட வேண்டாம். ஃபோர்க் நேராக இருந்தும் நூல் ஒத்துவரவில்லை என்றால்தான் கவலை.

சட்டம் நேராக இருந்தால் இன்ஜினுக்கு வாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் அந்தக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் எலிப்புழுக்கை நேராகப் பிஸ்டன் தலையில் விழும். பிளக் துளை வழியே இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். வண்டியில் உட்கார்ந்தால் உங்கள் இடக்கால் பக்கம் வரும் கவரில் ஒரு வட்ட மூடி உண்டு. அதைத் திறந்தால் இன்ஜின் அச்சின் முனையில் இருக்கும் மேக்னட் நட் தெரியும். வண்டியை நியூட்ரலில் வைத்து, சாக்கெட் போட்டு இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்புங்கள். கைக்குச் சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முரண்டு பிடித்தால் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுக் காத்திருங்கள். துருப்பிடித்த பிஸ்டன் ரிங்கோடு செல்ஃப் மோட்டாரை மல்லுக்கட்ட விட்டால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

அந்தக் கீறல்தான் இந்த வண்டியில் தலைவலி. சாதாரண வண்டிபோல இரும்பு லைனர் போட்ட சிலிண்டர் இல்லை இது. டயாசில் என்பார்கள், சிலிகான் கலந்த அலுமினிய வார்ப்பு. பிஸ்டன் நேராக அதன்மேலேயே ஓடுகிறது. வழக்கம்போலக் கடைசலில் கொடுத்துப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்க இதில் இடமில்லை. கீறல் ஆழமென்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். பார்க்காமலே "போர் போடலாம்" என்றவர் இந்த இன்ஜினைத் திறந்து பார்த்தவராக எனக்குத் தோன்றவில்லை.

ஆயிலை வடிக்கும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கலந்திருக்கிறது, வாட்டர் பம்ப் சீலைப் பாருங்கள்.

மழைக்காகம்:

ஏன் இவ்வளவு பாடு? ஓடும் நிலையில் இருக்கும் பழைய ஆர்15 ஒன்றை வாங்கினால் அடுத்த நாளே ஓட்டலாம். ஃபேரிங் முழு செட் வாங்கவே பாதிப் பணம் போய்விடும்.

பழைய பிஸ்டன்:

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பழையதாக வாங்குகிற வண்டியும் எங்கே விழுந்து எழுந்தது என்று யாருக்குத் தெரியும்? இதன் பூர்வீகமாவது தெரியும். ஃபேரிங் இப்போது வேண்டாம். உடைந்த துண்டுகள் கொட்டகையில் கிடந்தால் பொறுக்கி வையுங்கள், பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டலாம். இல்லாத துண்டுக்குக் கோவை உக்கடத்தில் தேடலாம், சென்னைக்குப் போகிறவர் இருந்தால் புதுப்பேட்டையில் பார்க்கச் சொல்லலாம்.

ஆர்சி அக்கா:

ஆர்டிஓ அலுவலகத்துக்கு எதிரில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில், அதனால் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2009 வண்டி என்றால் பதினைந்து ஆண்டு முடிந்து 2024-லேயே ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதி. புதுப்பிக்கப் படிவம் 25. ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்ய வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி மூன்றும் சேரும். புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30. இரண்டிலும் அத்தை மகன் கையெழுத்து வேண்டும். அவர் விடுமுறையில் வரும்போதே வாங்கி வையுங்கள். கடனில் வாங்கிய வண்டியா என்று ஆர்சியில் பாருங்கள். தவணை முடிந்திருந்தாலும் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். இது எதுவும் முடியாமல் "கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சாலையில் இறங்காதீர்கள்.

ஸ்பேனர் எடுக்கும் முன் சட்டத்தில் பொறித்த எண்ணைத் தேய்த்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள் தம்பி. துருவில் எண் மங்கியிருந்தால் அதற்குத் தனி அலைச்சல்.

உடுமலைக்காரன்:

எண் தெளிவாக இருக்கிறது அக்கா. வங்கி பெயர் இன்னும் நிற்கிறது, அத்தை மகனிடம் சொல்லிவிட்டேன். நூல் பிடித்தேன் ஐயா, இரு பக்கமும் சமம். முட்டும் நாக்கில் பெயிண்ட் மட்டும் போயிருக்கிறது. இன்ஜின் முதலில் அசையவில்லை. ஆயில் விட்டு மறுநாள் திருப்பினேன். ஒரு 'நறுக்'கோடு விட்டுக்கொடுத்து, பிறகு வழவழவென்று சுற்றுகிறது. ஆயில் கறுப்பாகத்தான் வந்தது, பால் நிறம் இல்லை. அடுத்து டேங்கா, பிரேக்கா?

பழைய பிஸ்டன்:

அந்த 'நறுக்' ரிங் விடுபட்ட சத்தமாக இருக்கலாம். சின்ன கேமரா உள்ள பட்டறை கிடைத்தால் பிளக் துளை வழியாகச் சுவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டேங்க். பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் அடியில் தங்கித் தகரத்தைத் தின்னும். பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கழற்றாமல் துரு நீக்கும் அமிலம் ஊற்றக் கூடாது. கழுவி உலர்த்திப் பம்பைப் பொருத்தி, புதுப் பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்புங்கள். டேங்குக்குள் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்பைக் குறை சொல்லும் முன் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள்.

பிரேக்கில் தாட்சண்யமே வேண்டாம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பரையும் பிரித்து, சீல், ஹோஸ், ஆயில் எல்லாம் புதிது. டயர் பட்டை நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2216 என்றால் 2016-இன் 22-வது வாரம் தயாரான டயர். அங்கே என்ன போட்டிருக்கிறது?

உடுமலைக்காரன்:

முன் டயர் 4117. பின் டயர் 0913.

பழைய பிஸ்டன்:

இரண்டுக்கும் வயதாகிவிட்டது, கழற்றிப் போடுங்கள். பின்னால் 100/80-17 அளவே வாங்குங்கள். கடைக்காரர் இரண்டாம் பதிப்பின் 130 அகல டயரைக் காட்டி ஆசை காட்டுவார், உங்கள் ரிம் அதற்கானது இல்லை.